ஹாங்காங் போனும் கனடா வரியும்: 215 டாலர் 39 சதத்தின் கணக்கு

கேள்வி, 2024 ஜனவரி 6

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து அஜாக்ஸில் இருக்கிறேன். இரண்டு சிம் அட்டை போடக்கூடிய ஐபோன் 15 ஹாங்காங் கடையொன்றில் பார்த்தேன். எடுப்பித்தால் சுங்கத்தில் எவ்வளவு கட்ட வேண்டி வரும்? ஒருவர் 5 வீதம் என்கிறார், இன்னொருவர் 30 வீதம் என்கிறார். கடைக்காரர் "வரி வராது, நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதியிருக்கிறார். நம்பலாமா? எடுப்பித்த ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

எடுப்பிக்காதீர்கள். போன நவம்பரில் அம்மாவுக்கு இதே போனைத்தான் ஹாங்காங்கிலிருந்து எடுப்பித்தேன். போன் 1,120 கனடா டாலர், அனுப்பும் செலவு 64. வாசலுக்கு வந்த கூரியர்க்காரர் 215 டாலர் 39 சதம் கட்டினால்தான் பெட்டி என்றார். போனின் விலையில் 19 வீதத்துக்கு மேல். இங்கே கடையில் அப்போது அதே போன் 1,129, எச்.எஸ்.டி. என்கிற 13 வீத விற்பனை வரி சேர்த்தால் 1,275 டாலர் 77 சதம். எனக்கு எல்லாம் கூட்டி 1,399 டாலர் 39 சதம் முடிந்தது. வெளிநாட்டுப் போனுக்கு இந்த அரசாங்கம் அடிக்கிற வரி அப்படி.

பிறகு ஏன் எடுப்பித்தாய் என்று கேட்பீர்கள். அம்மா ஆறு மாதம் ஸ்காபரோவில், ஆறு மாதம் கொக்குவிலில். ஊரில் வங்கிக் கணக்கு இருக்கிறது, அதன் இரகசிய எண் இலங்கை நம்பருக்குத்தான் வரும். இங்கே விற்ற ஐபோன் 15இல் ஒரு சிம் அட்டைக்குத்தான் இடம், மற்றது ஈசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம். அம்மாவுக்கு அட்டை கண்ணால் தெரிய வேண்டும், கையில் பிடிபட வேண்டும். 2022இல் விமானத்துக்குள் இருந்துகொண்டு ஊசியால் தட்டைத் திறந்து சிம் மாற்றப்போய், இலங்கை அட்டை இருக்கைக்கு அடியில் விழுந்து போய்விட்டது. புது அட்டை எடுக்க யாழ்ப்பாணம் ரவுணில் அரை நாள் நின்றார். 71 வயதில் அது தேவையில்லாத அலைச்சல். ஹாங்காங் போனின் தட்டு சின்னதுதான், ஆனால் முன்பக்கம் ஒரு அட்டை, அதைத் திருப்பினால் முதுகில் இன்னொன்று. இரண்டையும் வைத்து ஒருதரம் உள்ளே தள்ளிவிட்டால் அதோடு கதை முடிந்தது.

ஜனவரி 7

நேற்று எழுதியதில் பெரிய பிழை. லாச்சிக்குள் இருந்த பில்லை எடுத்து இப்போதுதான் வரி வரியாகப் படித்தேன். 215.39 முழுவதும் வரி அல்ல.

எச்.எஸ்.டி. 153.92. சுங்கத் தரகுக் கட்டணம், அதாவது சுங்கத்தில் கணக்குக் கொடுத்துப் பார்சலை விடுவித்ததற்கான கூலி, 39.40. "முன்பணம் செலுத்திய கட்டணம்" என்று 15.00, அதாவது என் வரியைக் கூரியர் நிறுவனம் எனக்கு முதல் கட்டிவிட்டதற்கான கூலி. இந்த இரண்டு கட்டணத்துக்கும் மேல் திரும்ப 13 வீத எச்.எஸ்.டி., 7.07.

ஆகவே 61 டாலர் 47 சதம் கூரியர்க்காரருக்குக் கட்டணமும் அந்தக் கட்டணத்தின் வரியும். பார்சலுக்கான வரி 153.92 மட்டுமே. அரசாங்கம் அடிக்கிற வரி என்று நான் எழுதியது சரியில்லை, அந்த வசனத்தைத் திருப்பி எடுக்கிறேன். அந்த நேரம் வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது, மனிசன் அட்டை இயந்திரத்தை நீட்டினார், மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தட்டிவிட்டேன்.

ஜனவரி 9

அஜாக்ஸ் நண்பர் கேட்ட 5 வீதம், 30 வீதம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன்.

5 வீதம் சொன்னவருக்கு அல்பேட்டாவில் யாரோ இருக்க வேண்டும். அங்கே மாகாண விற்பனை வரி இல்லை, கூட்டாட்சி ஜி.எஸ்.டி. 5 மட்டும். ஒன்ராறியோவில் மாகாணத்தின் 8 சேர்ந்து 13. பார்சல் எந்த மாகாணத்துக்குப் போகிறதோ அந்த மாகாணத்தின் கணக்கு. இதைத் தவிரச் சுங்கத் தீர்வை என்று போனுக்குக் கனடாவில் ஒன்றும் இல்லை, பூச்சியம். 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வர்த்தக நிறுவன மாநாட்டில் தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்குத் தீர்வை எடுப்பதில்லை என்று ஓர் உடன்பாடு செய்தார்கள், கனடாவும் அதில் இருக்கிறது. உடுப்போ சப்பாத்தோ எடுப்பித்தால் கதை வேறு, அதற்குத் தீர்வை உண்டு. போனுக்கு இல்லை. இங்கே கடையில் வாங்கினாலும் கட்டப்போகிற அதே 13 வீதத்தைத்தான் எல்லையிலும் கட்டுகிறோம்.

30 சொன்னவர் இந்தியாவை நினைத்திருக்கலாம். சென்னையில் என் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான், போன் விஷயத்தில் அவனுக்கு எப்போதும் கவலை. அங்கே 2017 ஜூன் வரை போனுக்குத் தீர்வை இல்லை. அந்த ஜூலையில் 10, டிசம்பரில் 15, 2018 பெப்ரவரி பட்ஜெட்டில் 20 என்று ஏறியது. அதற்கு மேல் சமூக நல மிகைவரி, அதற்கும் மேல் 18 வீத ஜி.எஸ்.டி. உள்ளூரில் ஆலை வர வேண்டும் என்பதற்காகப் போட்டது, ஆலைகளும் வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிறார்கள். ஆனால் அந்த 1996 உடன்பாட்டில் இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தாய்வானும் வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் உலக வர்த்தக நிறுவனக் குழு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இந்தக் காலத்துப் போன் அந்த உடன்பாட்டுக்குள் வராது என்பதுதான் இந்தியாவின் வாதம். நான் சொன்ன விகிதங்கள் வியாபாரிகள் இறக்குகிற போனுக்கு. தனியாள் தபாலில் எடுப்பித்தால் அதற்குத் தனித் தலைப்பு, தனி விகிதம்.

ஜனவரி 10

இன்னும் ஒரு பிழை, இந்தமுறை என்னுடையது அல்ல.

153.92ஐ 13ஆல் வகுத்து 100ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,184 வரும். அதாவது போன் 1,120, அனுப்பும் செலவு 64, இரண்டையும் கூட்டி அதற்கு வரி போட்டிருக்கிறார்கள். கனடாவில் அப்படி அல்ல. பொருள் புறப்பட்ட இடத்திலிருந்து இங்கே வரும் போக்குவரத்துச் செலவு, பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால், சுங்கப் பெறுமதிக்குள் வராது. பிரித்தானியாவிலும் சிங்கப்பூரிலும் அது சேரும். லண்டனில் இருக்கிற மாமாவின் கணக்கை இங்கே கொண்டுவந்து வைத்துக் குழம்பக்கூடாது.

என் பில்லில் 64 தனி வரியாக இருக்கிறது. கட்டியிருக்க வேண்டியது 145.60. மேலதிகமாகப் போனது 8 டாலர் 32 சதம்.

எட்டு டாலருக்கு யார் மினக்கெடுவது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் மினக்கெடுவேன். என்னைப்போல எத்தனை பேரிடம் இந்த எட்டு டாலர் போயிருக்கும். தனியாட்களின் இறக்குமதியில் கூடுதலாகப் பிடித்த வரியைத் திருப்பிக் கேட்க, கனடாவின் சுங்கத்தைப் பார்க்கிற எல்லைச் சேவைகள் முகமையிடம் பி2ஜி என்று ஒரு படிவம் இருக்கிறது. அதை நிரப்பி, கடைப் பில், கூரியர் பில், கட்டிய ரசீது மூன்றின் பிரதியும் வைத்து இன்றைக்குத் தபாலில் போட்டுவிட்டேன். தரகுக் கட்டணம் இந்தப் படிவத்தால் திரும்பி வராது, அது கூரியர் நிறுவனத்தோடு கதைக்க வேண்டிய காசு.

ஜனவரி 14

"நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்ற கடைக்காரரைப் பற்றி.

எனக்கும் அதே மாதிரி ஒரு கடைக்காரர் எழுதினார். பெறுமதி 80 டாலர் என்றும் அன்பளிப்பு என்றும் போடுவாராம். வேண்டாம் என்று எழுதி, விலையை அப்படியே போடும்படி கேட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிடிபட்டால் பொருள் போகும், தண்டம் வரும், பெட்டியில் இருப்பது உங்கள் பெயர், கடைக்காரர் பெயர் அல்ல. அதோடு வழியில் பெட்டி தொலைந்தால் காப்புறுதி 80 டாலருக்குத்தான் வரும்.

அன்பளிப்புக்குச் சலுகை இருக்கிறது, 60 டாலர் வரை. அது வெளிநாட்டில் இருக்கும் ஒரு மனிசர் இங்கே இன்னொரு மனிசருக்கு அனுப்புவது. காசு வாங்கிக்கொண்டு கடை அனுப்புவது அன்பளிப்பு ஆகாது. மற்றபடி 20 டாலருக்குள் இருந்தால் வரி இல்லை. அமெரிக்காவிலோ மெக்சிகோவிலோ இருந்து கூரியரில் வந்தால், 2020 ஜூலைக்குப் பிறகு, 40 டாலர் வரை விற்பனை வரியும் 150 வரை தீர்வையும் இல்லை. தபாலில் வந்தால் அந்தச் சலுகையும் இல்லை. போனுக்கு இவற்றில் ஒன்றும் உதவாது, கவருக்கும் வயருக்கும் உதவும்.

ஜனவரி 15

இந்தியாவுக்கு அன்பளிப்பாகப் போன் அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். 2019 டிசம்பரிலிருந்து அன்பளிப்பு என்று சொல்லித் தபாலிலோ கூரியரிலோ வரியில்லாமல் பொருள் இறக்குவதை அங்கே தடுத்துவிட்டார்கள், முழு வரியும் கட்டித்தான் இறக்கலாம். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு.

பெப்ரவரி 3

அத்தானுக்கும் அதே போன் வேண்டுமாம். மாதத்துக்கு ஒருதரம் கொழும்பு போய்வருகிற ஆள். இந்தமுறை தரகுக் கட்டணம் ஒரு சதமும் கட்டுவதில்லை என்று முடிவெடுத்து இறங்கினேன். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், ஆருக்காவது உதவும்.

முதலில் சாதாரணத் தபாலை யோசித்தேன். தபாலில் வந்தால் சுங்கம் வரியைக் கணித்து ஒரு படிவத்தைப் பெட்டியில் ஒட்டிவிடும், கனடா போஸ்ட் 9 டாலர் 95 சதம் கையாளும் கட்டணம் எடுக்கும், அவ்வளவுதான். பொறுமை உள்ளவர்களுக்கு அது போதும், நல்ல வழி. ஆனால் அத்தான் 12ஆம் தேதி பயணம், தபாலை நம்பி இருக்க முடியாது. ஆகவே கூரியர்.

போன் 1,098, அனுப்பும் செலவு 64. பின்தொடரும் எண் கிடைத்த உடனே கூரியர் நிறுவனத்துக்கு அழைத்து, "சுங்கக் கணக்கை நானே ஒப்படைக்கப் போகிறேன், நீங்கள் விடுவிக்க வேண்டாம்" என்றேன். எடுத்த பிள்ளை அப்படி ஒரு வழி இல்லை என்றாள். கோபப்படவில்லை. வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்து, சுங்கத் தரகுப் பிரிவுக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அங்கே இருந்தவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒரு குறிப்புப் போட்டுவிட்டு, பார்சல் கனடாவுக்கு வந்ததும் சரக்குச் சீட்டையும் கடைப் பில்லையும் மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார். புதன் இரவு அனுப்பியும் விட்டார்.

வியாழன் காலை அந்த இரண்டு தாளையும் அச்செடுத்துக்கொண்டு, சாரதி அனுமதிப்பத்திரத்தோடு, மிசிசாகாவில் விமான நிலையத்துப் பக்கம் இருக்கிற எல்லைச் சேவைகள் அலுவலகத்துக்குப் போனேன். அத்தான் வேலையில், அவர் பெயரில் பார்சல் என்பதால் அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் லொறிக்காரர்கள் மூன்று பேர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டுத் தாள். என் கையில் இரண்டு.

அதிகாரி ஒரு பெண். என்ன பொருள், சொந்தப் பாவனைக்கா, எத்தனை போன் என்று மூன்று கேள்வி. பில்லில் ஹாங்காங் டாலர் இருந்த இடத்தைப் பேனையால் வட்டமிட்டு, அன்றைய மாற்று விகிதத்தைத் திரையில் பார்த்து, அனுப்பும் செலவை நான் வாய் திறக்க முதலே கழித்துவிட்டார். 142 டாலர் 74 சதம். அட்டையால் கட்டினேன். வரி கட்டியதற்கான பி15 என்ற தாளை அச்செடுத்து, கீழ் மூலையில் முத்திரை குத்தித் தந்தார். மை காயவில்லை, மடிக்கப் போனவனை "கொஞ்சம் பொறுங்கள், மற்றப் பக்கம் ஒட்டும்" என்று நிறுத்தினார். அந்தத் தாளைக் காருக்குள் வைத்தே போனில் படம் எடுத்துக் கூரியர் தரகுப் பிரிவுக்கு அனுப்பினேன். நேற்று வெள்ளி பின்னேரம் பெட்டி வீட்டுக்கு வந்தது. மஞ்சள் நாடா, மின்கலம் இருக்கிறது என்று சொல்கிற யு.என். 3481 ஒட்டி. வாசலில் ஒரு சதமும் கேட்கவில்லை.

மொத்தம் 1,304 டாலர் 74 சதம். இங்கே கடை விலையைவிட 28 டாலர் 97 சதம் கூட. இரண்டு அட்டை வேண்டும் என்பவருக்கு அது நியாயமான விலை. முதல்தரம் எனக்குக் கூடப் போனது 123 டாலர் 62 சதம்.

பெப்ரவரி 4

நேற்றைய குறிப்பில் அழுத்திச் சொல்ல மறந்தது. பார்சலைத் தரகர் விடுவிக்க முதலே சொல்ல வேண்டும். விடுவித்துவிட்டு "வரி கட்டப்பட்டது" என்று வந்த பிறகு அழைத்தால் ஒன்றும் செய்ய முடியாது, அவர்கள் வேலை செய்து முடித்துவிட்டார்கள், கட்டணமும் நியாயம்தான். இன்னொன்று, களஞ்சியத்தில் நாள்கணக்கில் கிடந்தால் அதற்கும் கட்டணம் போடக்கூடும். தாள் வந்த அடுத்த நாளே போய்விடுங்கள். அஜாக்ஸிலிருந்து விமான நிலையம் தூரம்தான், அரை நாள் சம்பளத்தை இழந்து போவது சரிவருமா என்று உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று விடுமுறை.

பெப்ரவரி 20

வரியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்துவிட்டேன். வாங்க முதல் பார்க்க வேண்டியது அலைவரிசை.

ஹாங்காங் ஐபோனில் இங்கே எங்கள் வீட்டுக்குள் பிரச்சினை வரவில்லை. ஆனால் சீனாவிலோ இந்தியாவிலோ விற்கிற மலிவு அண்ட்ரோய்ட் போன்களில் பலவற்றில் வட அமெரிக்க எல்.டி.ஈ. (4ஜி) அலைவரிசைகளான 12, 66, 71 இருக்காது. பக்கத்துவீட்டுத் தம்பி ஒருவர் அப்படி ஒன்றை எடுப்பித்தார். வெளியே வேலை செய்யும், நிலக்கீழ் அறைக்குள் இறங்கினால் செத்துவிடும். நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிற பிள்ளைக்கு அந்தப் போனால் என்ன பயன்? கடைக்காரரிடம் மாதிரி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அந்த இலக்கத்துக்கு உரிய அலைவரிசைப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு மாதிரி விற்பார்கள். 4ஜியில் குரல் அழைப்பு உங்கள் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்யுமா என்றும் கேளுங்கள், 3ஜியை எல்லா இடமும் மூடிக்கொண்டு வருகிறார்கள்.

ஜப்பான் போன் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: அங்கே விற்கிற போன்கள் பலவற்றில் படம் எடுக்கும் சத்தத்தை நிறுத்த முடியாது. மருமகன் ஒருவன் கோயிலில் தெரியாமல் எடுத்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவின் மாதிரியில் ஈசிம் அடியோடு இல்லை. இரண்டு அட்டை, அவ்வளவுதான். உத்தரவாதமும் கவனம். அப்பிள் நிறுவனம் ஐபோன் உத்தரவாதத்தை வாங்கிய நாட்டோடு கட்டுப்படுத்தலாம் என்று தன் நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது.

ஏப்ரல் 24

காசோலை வந்தது. 8 டாலர் 32 சதம். கடித உறைக்குள் ஒரு தாள், என் பெயர், தொகை, வேறொன்றும் இல்லை. அம்மாவிடம் காட்டினேன். "என்ர போனுக்கு அரசாங்கம் காசு தந்ததோ" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு டாலருக்கு யார் மினக்கெடுவது என்றவரே இப்போது படிவத்தின் பெயரைத் திரும்பக் கேட்டிருக்கிறார். பி2ஜி. சந்தோஷமாக இருக்கிறது.

ஜூலை 24

சென்னைத் தம்பி விடியவே அழைத்தான். நேற்றைய இந்திய பட்ஜெட்டில் போனுக்கான தீர்வையை 20இலிருந்து 15 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஜனவரி 9 குறிப்பில் நான் 20 என்று எழுதியதைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள். ஜி.எஸ்.டி. அதே 18.

செப்டெம்பர் 15

ஊருக்குக் கொண்டுபோன போனைத் திரும்பக் கொண்டுவரும்போது கனடாவில் இன்னொருதரம் வரி கேட்பார்களா என்று அஜாக்ஸ் நண்பர் கேட்டிருக்கிறார். அவரும் கடைசியில் எடுப்பித்து, தானே போய்க் கட்டி, இந்த மாதம் தகப்பனோடு வவுனியா போகிறாராம்.

வரி கட்டி இங்கே வந்த பொருளைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தால் வரி இல்லை. ஆனால் அங்கே வாங்கிய புதுப் போன் அல்ல என்று காட்ட வேண்டி வரலாம். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே நின்று வருபவருக்கு 800 டாலர் வரை சலுகை, இந்தப் போன் அதைத் தாண்டும். அதற்கு வழி இருக்கிறது. புறப்பட முதல் எல்லைச் சேவைகள் அலுவலகத்தில் போனைக் காட்டினால், தொடர் இலக்கத்தை எழுதிச் சின்ன அட்டை மாதிரி ஒரு படிவம் தருவார்கள், பி.எஸ்.எப். 407. காசு இல்லை. பணப்பைக்குள் அடங்கும். உங்கள் பி15 தாளின் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.

அம்மாவுக்குப் போன வாரம் பியர்சன் விமான நிலையத்தில் வைத்து அதை எடுத்துக் கொடுத்தேன். கைப்பைக்குள் கடவுச்சீட்டு, குளிசைப் பட்டியல், கூரியர் ரசீது, அந்த அட்டை, நான்கையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இறப்பர் பட்டியால் கட்டினார். நேற்று கொக்குவிலிலிருந்து அழைத்தார். இறங்கின உடனே இரண்டு நம்பரும் மேலே தெரிந்ததாம், தட்டைத் திறக்கவே இல்லையாம்.